சுகிர்தாவுக்கு வந்த சுகர்

எனக்கு சுகர் வந்திருக்குற விஷயம் என் பொண்டாட்டிக்குத் தெரியவே கூடாது.

கிரேன் கேபின்ல உக்காந்துகினு, கீழ பழுக்கக் காய்ஞ்ச இரும்புக் கம்பி ஓடுறதைப் பாத்துகினே, நெஞ்சுல கைவெச்சு நான் எடுத்த சபதம் இது. பெரிய பெரிய ராஜாங்க எல்லாம் நாட்டைப் புடிக்க சபதம் எடுத்தாங்க. நான் எடுத்தது சோத்தைக் காப்பாத்த. எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க.

இதுல ஒரே ஒரு சின்ன சிக்கல். எங்க ஏரியாவுல நாலு தெருவுக்கும் ஊடு ஊடாப் போயி, விரல்ல குத்தி, சுகர் பாத்து, மாத்திரை குடுத்துட்டு வர்ற வேலையே என் பொண்டாட்டிக்குத்தான்.

பேரு சுகிர்தா. தெருவுல எல்லாரும் 'சுகர்தா அக்கா'ம்பாங்க. சுகாதார நிலையத்துல அவளுக்கு ஒரு நீலப் பை குடுத்திருக்காங்க. உள்ள சுகர் மிஷினு, பிரஷர் மிஷினு, மாத்திரை அட்டை. அந்தப் பை தெருமுனையில தெரிஞ்சாப் போதும், கையில போண்டா வெச்சிருக்குறவன் அதை லுங்கி மடிப்புல ஒளிப்பான். சுடச்சுட போண்டாவை ஒளிச்சுட்டு ஒருத்தன் ஆடுன ஆட்டத்தை நான் என் ரெண்டு கண்ணால பாத்திருக்கேன்.

ஏன்னா அவளுக்கு மெதுவாப் பேசத் தெரியாது. தெருவோட இந்தக் கோடியில நின்னுகினு அந்தக் கோடிக்குக் கத்துவா.

"இன்னா ஜெரால்ட் அண்ணே! முன்னூறு தாண்டிப் போச்சு! நேத்து யாரு ஊட்டுக் கல்யாணம்?"

ஜெரால்ட் அண்ணன் காட்டுப்பள்ளி ஹார்பர்ல வாட்ச்மேன். மீசை வெச்ச மனுஷன். அவரு உள்ள ஓடிப்போயி கதவைச் சாத்திக்குவாரு. சுகிர்தா ஜன்னல் வழியா மாத்திரையைப் போடுவா. கூடவே அவரு பொண்டாட்டிக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பா. இப்பல்லாம் அந்த ஊட்டுல அண்ணனுக்கு சோறு போடுறதில்ல. சோறு காட்டுறாங்க.

அந்த கதி எனக்கு வரணுமா? எங்க ஊட்டு ஞாயித்துக்கிழமை எப்படிப்பட்டது தெரியுமா? பழவேற்காட்டு எறா, தொக்கு மாதிரி சுண்ட வறுத்தது. ஒரு குண்டான் சோறு. மேல பாயசம். சாப்ட்டு முடிச்சா எழுந்திரிக்க யாராச்சும் கைகுடுக்கணும். கிரேன் ஓட்டுறவனையே கிரேன் வெச்சுத்தான் தூக்கணும்.

விஷயத்துக்கு வரேன். எங்க ரோலிங் மில்லுக்கு சுகாதார நிலையத்துலேருந்து கேம்ப் போட வந்தாங்க. சிப்காட்ல கம்பெனி கம்பெனியா வர்றாங்களாம். விரல்ல குத்துனது ஏஞ்சல் சிஸ்டர். மிஷினைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடியும் மிஷினைப் பாத்தாங்க.

"அண்ணா, இருநூத்தி எண்பத்தாறு. வெறும் வயித்துலதான வந்தீங்க?"

"வெறும் வயிறுதான் சிஸ்டர். டீ மட்டும் குடிச்சேன்."

"டீ மட்டுமா?"

"டீயும் ரெண்டு பன்னும்."

"பன்னு மட்டுமா?"

"பன்னுக்குள்ள ஜாம் இருந்துச்சு சிஸ்டர். அது நான் கேக்கல. அவங்களாவே வெச்சுட்டாங்க."

சிஸ்டர் பெருமூச்சு வுட்டுட்டு, கையிலயும் ரத்தம் எடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு டாக்டர் கூப்புட்டாரு. சின்னப் பையன் மாதிரி இருந்தாரு. பேச்சு மட்டும் ஹெட்மாஸ்டரு.

"எபினேசர், கேம்புக்கு மொத நாளு மட்டும் பட்டினி கெடந்து ஏமாத்தலாம்னு நெனைக்காதீங்க. இது மூணு மாசத்துக்கும் சேத்து சராசரி காட்டுற டெஸ்டு. உங்களுது ஒம்போதுக்கு மேல இருக்கு. ஏழுக்குக் கீழ வரணும்."

"வரலன்னா சார்?"

"கண்ணு, கிட்னி, காலு எல்லாத்தையும் அது வரிசையா கவனிச்சுக்கும். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு பண்ணுவேன். பத்து பேரு தலைக்கு மேல இரும்பைத் தூக்கினு போறவருக்கு மயக்கம் வந்தா இன்னா ஆவும்? மூணு மாசம் டைம். சுகரு எறங்கலன்னா நீங்க கிரேன்லேருந்து எறங்கிடணும்."

எனக்கு அங்கயே பாதி மயக்கம் வந்துடுச்சு.

அந்தக் கேபினைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஊட்டுல நான் தரை டிக்கெட்டு. மேல ஏறுனா நான்தான் ராஜா. மேனேஜரே என்கிட்டப் பேசணும்னா கழுத்து வலிக்க அண்ணாந்து பாக்கணும். அங்கேருந்து எறக்கினா அடுத்து எங்க போடுவாங்கன்னும் தெரியும். ஸ்கிராப் யார்டு. துருப்புடிச்ச தகரத்துக்கு நடுவுல, வெயில்ல, எல்லாரும் என்னைக் குனிஞ்சு பாப்பாங்க. செத்தாலும் அது மட்டும் கூடாதுன்னு நெனச்சேன்.

டாக்டர் மெட்ஃபார்மின் ஐநூறு எழுதுனாரு. காலையில ஒண்ணு, ராவுல ஒண்ணு, சாப்ட்டப்பறம். சோத்தைக் கொறை, நடையைக் கூட்டுன்னாரு. ஏஞ்சல் சிஸ்டர் சிரிச்ச மொகமா, "மாத்திரை மாசாமாசம் உங்க ஊட்டுக்கே வந்துரும்ணா. எந்தத் தெரு?"ன்னு கேட்டாங்க.

சொன்னேன்.

"அய்ய! நீங்க சுகிர்தா ஊட்டுக்காரரா?"

"சிஸ்டர், உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். அவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லாதீங்க. மாத்திரையை நானே கடையில வாங்கிக்கறேன்."

"சத்தியமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்ணா."

நல்ல பொம்பளை. சொன்னா சொன்னதுதான்னு நம்பினேன். அது நெஜமாவும் அப்படித்தான் இருந்துச்சு. அதுதான் என் கஷ்டகாலம்.

அன்னிக்கு சாயங்காலமே கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனேன். மொத மெடிக்கல் ஷாப்புல, வாயைத் தொறக்கறதுக்குள்ள கடைக்காரரு, "இன்னா நைனா, அக்கா நல்லா கீறாங்களா? எங்க அம்மாவுக்கு அவங்கதான் சுகர் பாக்கறாங்க"ன்னாரு. ஒரு இருமல் டானிக் வாங்கினு வந்துட்டேன். ரெண்டாவது கடை. "சுகர்தா அக்கா ஊட்டுக்காரருதான நீங்க?" இன்னொரு டானிக். மூணாவது கடையில கல்லாவுல இருந்த பொண்ணு, "அக்காவும் நானும் ஒண்ணா ட்ரெயினிங் போனோம்"னுச்சு. அங்கயும் டானிக். எங்க ஊட்டுல ஒருத்தருக்கும் இருமல் இல்ல. டானிக் மட்டும் மூணு பாட்டில்.

இது இன்னாடா பேஜாருன்னு மண்டையைப் பிச்சிக்கினு இருந்தப்பதான் அந்த அதிசயம் நடந்துச்சு.

வேலை முடிஞ்சு கம்பெனி பஸ்லேருந்து எறங்கி ஊட்டுக்குப் போறேன். சுகிர்தா பையைக் கூடக் கழட்டாம நாற்காலியில உக்காந்துகினு இருக்கா. டி.வி. ஓடல. மொகம் வாடிக் கெடக்கு.

"இன்னாம்மே, ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல."

பொண்டாட்டி ஒண்ணுமில்லன்னா ஊட்டுல என்னமோ பெருசா இருக்குன்னு அர்த்தம்.

"சொல்லும்மே. எவனாச்சும் எதுனா சொன்னானா?"

"ஊரு பூரா குத்திக்குத்திப் பாத்தேனே, இன்னிக்கு எனக்கே குத்திப் பாத்துக்கினேன்." மூக்கை உறிஞ்சுனா. "எனக்கு சுகரு வந்துருக்குய்யா."

உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு மொதல்ல பயமாப் போச்சு. எனக்கு வந்தப்பகூட அப்படி ஆவல. அவ கையைப் புடிச்சேன். கையைப் புடிச்ச அடுத்த நிமிஷம், ஆண்டவரு என்னை மன்னிக்கணும், மண்டையில பளிச்சுன்னு ஒரு பல்பு எரிஞ்சுது.

அவளுக்கு சுகருன்னா ஊட்டுல சுகர் சாப்பாடு. சுகர் சாப்பாட்டை நானும் சாப்புடலாம். சுகர் மாத்திரை ஊட்டுக்குள்ள வரும். எல்லாம் அவ பேர்ல!

"அழுவாத சுகிர்தா," ன்னேன். குரலை நல்லா கனமா வெச்சுக்கினேன். "இன்னிலேருந்து நீ இன்னா துன்றியோ அதான் நானும் துன்னுவேன். நீ நடந்தா நானும் நடப்பேன்."

"உனக்கு எதுக்குய்யா இந்தத் தலையெழுத்து? நீ எறா துன்ற மனுஷன்."

"எறாவா முக்கியம்? ஊட்டுக்காரன்னு ஒருத்தன் எதுக்குக் கீறேன்?"

அவ மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கினா. முந்தானையை வாயில வெச்சுக்கினா. தோளு ரெண்டும் குலுங்குச்சு. அழுவறான்னு நெனச்சு முதுகைத் தடவிக் குடுத்தேன். தடவத் தடவ இன்னும் ஜாஸ்தியா குலுங்குச்சு.

மறுநாளே மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேல வந்து உக்காந்துச்சு. எட்டிப் பாத்தேன். மெட்ஃபார்மின் ஐநூறு. டாக்டர் எனக்கு எழுதுன அதே மாத்திரை! காலையில ஒண்ணு, ராவுல ஒண்ணு, அதே மாதிரி! ஸ்தோத்திரம் ஆண்டவரேன்னு ஃப்ரிட்ஜுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கினு நின்னேன்.

"இன்னாய்யா, ஃப்ரிட்ஜைக் கும்புட்டுக்கினு கீறே?"

"உனக்காக ஜெபம் பண்ணேம்மே."

அப்பறம் ஆரம்பிச்சுது என் திருட்டு வாழ்க்கை. சாப்ட்டு முடிச்சுக் கைகழுவப் போற சாக்குல ஃப்ரிட்ஜ் மேல ஒரு கை. மாத்திரை வாயில. தண்ணி சொம்பு. முடிஞ்சுது. நான் கைகழுவப் போற நேரம் பாத்து அவ டாண்ணு கொல்லைப்பக்கம் போயிடுவா. ஒரு தபாவாவது கிச்சன்ல நின்னாளா? இல்ல. அப்பவாவது எனக்கு மண்டையில ஏறுச்சா? அதுவும் இல்ல. என்னை மாதிரி கெட்டிக்காரத் திருடன் சிப்காட்லயே கெடையாதுன்னு பூரிச்சுப் போயிருந்தேன்.

சாப்பாடுதான் சோதனை. தட்டுல பாதி பொன்னேரி சந்தைக் கீரையும் காயும். கால்வாசி மீனு, அதுவும் கொழம்புல போட்டது, வறுவல் கெடையாது. மீதி கால்வாசியில சோறு, வெக்கப்பட்டுக்கினு ஒரு ஓரமா நிக்கும்.

"சோறு இம்மாந்தானா? கேவுரு களியாச்சும் ரெண்டு உருண்டை வெய்யேன். கேவுருதான் சுகருக்கு நல்லதுங்கறாங்களே."

"கேவுருன்னா அண்டா அண்டாவா துன்னலாம்னு யாருய்யா சொன்னது? அதுவும் உள்ள போனா சுகருதான். எதுவா இருந்தாலும் அளவு." அப்பறம் மொகத்தைப் பாவமா வெச்சுக்குவா. "உனக்கு வேணும்னா தனியா ஆக்கிப் போடறேன்யா. நோயி எனக்குத்தான?"

"சேச்சே. எனக்கு இதுவே தெகட்டுது."

காலையில நடை. சாமான் லாரிங்க எளாவூர் பக்கம் வரிசை கட்டி நிக்கற ரோடு வேணாம்னு, ரயில்வே ஸ்டேஷன் பக்கமாப் போவோம். அவ பறப்பா. நான் பின்னாடி தஸ்ஸு புஸ்ஸுன்னு ஓடுவேன்.

"சுகர்காரி நான் நடக்கறேன். நல்லா இருக்கற உனக்கு நாக்கு தள்ளுது?"

"உன்னை முன்னால வுட்டுப் பாதுகாப்பா வரேம்மே."

இதையெல்லாம் பொறுத்துக்கலாம். கால் விஷயம்தான் கொடுமை. ஒரு நாள் சாயங்காலம் வெதுவெதுன்னு தண்ணி வெச்சு பேசின்ல ஊத்திக்கினு வந்து எதிர்ல உக்காந்தா.

"சுகர்காரங்க தினம் காலைப் பாக்கணும்யா. புண்ணு இருந்தாகூட வலி தெரியாது. எனக்குக் குனிய முடியல."

நானே சொன்னவனாச்சே, ஊட்டுக்காரன் எதுக்குக் கீறேன்னு. உக்காந்து கழுவுனேன். தொடைச்சேன். விரல் இடுக்கெல்லாம் துணி வுட்டு ஈரம் எடுத்தேன்.

"எண்ணெய் தடவு. விரல் இடுக்குல வேணாம், அங்க தடவக் கூடாது. குதிங்கால்ல. ஆங். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தடவு. நாலு தெரு நடக்கற காலுய்யா இது."

"புண்ணு எதுவும் இல்லம்மே."

"இல்லன்னு அவசரப்பட்டுச் சொல்லாத. நல்லா பாரு."

நான் பாத்து முடிச்சதும், "சரி, கையோட உன்னுதையும் காட்டு, பாத்துடறேன்"ம்பா. ஒரு நாள் என் சுண்டு விரல்ல ஷூ கடிச்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. எனக்கே தெரியல. அவ மொகம் அன்னிக்கு மட்டும் நெஜமாவே மாறிப் போச்சு. மருந்து வெச்சுக் கட்டுனா. மறுநாளு என் ஷூவுக்குள்ள புது சாக்ஸு இருந்துச்சு.

இதுக்கு நடுவுல நான் ஊருல பெரிய மனுஷனாயிட்டேன். கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் பொம்பளைங்க என்னைக் காட்டிக்காட்டிப் பேசுனாங்க. பொண்டாட்டிக்கு சுகருன்னு தானும் கீரையும் காயுமா துன்றாராமே, இப்படி ஒரு ஆம்பளையா! நான் தலையைக் குனிஞ்சுகினு, அடக்கமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "கடமைங்க"ன்னேன்.

என் புகழால நாசமாப் போனவன் தேசப்பன். பக்கத்து ஊடு. அதே மில்லுல எனக்குக் கீழ நின்னு கம்பிக் கட்டுக்குக் கொக்கி மாட்டுறவன். அவனுக்கும் ரெண்டு வருஷமா சுகரு. ஒரு நாள் மத்தியானம் கீழேருந்து விசில் ஊதுனான்.

"யோவ் எபினேசரு! எறங்கி வாய்யா கீழ!"

"இன்னா தேசப்பா, லோடு சாஞ்சிருக்கா?"

"என் பொழைப்பு சாஞ்சு கெடக்குதுய்யா! எங்க ஊட்டுல குணசுந்தரி காலையில எழுந்தா உன் பேரு, ராவுல படுத்தா உன் பேரு. எபினேசர் அண்ணனைப் பாரு, எபினேசர் அண்ணனைப் பாருன்னு. எனக்கு நாஷ்டாவுக்கு இன்னா குடுத்தா தெரியுமா? ஒரு இட்லி! மீதி மூணு எங்கன்னா, அண்ணன் மாதிரி இருக்கக் கத்துக்கங்கறா!"

"நல்லதுக்குத்தான் தேசப்பா. பொம்பளைங்க மனசைப் புரிஞ்சுக்கணும்."

"வெளிய வா, நான் உனக்குப் புரிய வெக்கறேன்."

நான் கேபின் கண்ணாடியை மூடிக்கினேன். ஒசரத்துல இருக்கறதுல இது ஒரு சௌகரியம்.

ஆனா மனசு கெடந்து அடிச்சுக்க ஆரம்பிச்சுது. அவளும் மாத்திரை போடுறா, நானும் அதே அட்டையிலேருந்து போடுறேன். ஒரு ஆளு மாத்திரை ரெண்டு ஆளுக்கு எப்படிப் பத்தும்?

"இன்னாய்யா இது," ன்னு ஒரு நாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "அதுக்குள்ள காலியாவுது? எலி எதுனா தூக்கினு போவுதா?"

"இருக்கும்மே. இந்தக் காலத்துல எலிக்கும் சுகரு வருதாம்."

"அப்படியா?" ன்னு என்னையே பாத்தா. "பெரிய எலியாத்தான் இருக்கணும். மாத்திரை இல்லாம நானே ரெண்டு வேளை வுட்டுட்டேன் போல. தலை கிர்ருங்குது."

சொல்லிக்கினே செவுத்தைப் புடிச்சுக்கினு படிக்கட்டுல உக்காந்துட்டா. கண்ணை மூடிக்கினா. எனக்கு உசுரே போச்சு. தண்ணி குடுத்தேன், விசிறி வுட்டேன். "நீ வேலைக்குப் போய்யா, எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு ஈனக்குரல்ல சொன்னா.

போனேன். கேபின்ல ஏறி உக்காந்தேன். கம்பிக் கட்டைத் தூக்கினேன். அது பாதி ஒசரத்துல அப்படியே தொங்குது. எனக்குக் கை நவுரல. கீழேருந்து தேசப்பன் விசில் ஊதறான். எனக்குக் காதுல வுழல. என் ராஜ்ஜியத்தைக் காப்பாத்த நான் அவ மருந்தைத் திருடித் துன்னுகினு இருக்கேன். அவளுக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா? கல்யாணம் ஆன நாளுலேருந்து என்னைக் கத்திக்கத்தியே வளத்தவ. அவ கத்தாத ஊட்டுக்குள்ள நான் எப்படிப் போவேன்? கிரேனு கெடக்குது கிரேனு. ஸ்கிராப் யார்டுலயே கெடந்துட்டுப் போறேன்.

லோடை எறக்கினேன். நானும் எறங்கினேன். அரை நாள் லீவு சொல்லிட்டு ஷேர் ஆட்டோவுல ஊட்டுக்கு ஓடுனேன்.

சுகிர்தா கட்டில்ல சாஞ்சுகினு இருந்தா. நான் தரையில உக்காந்து அவ கையைப் புடிச்சுக்கினு சொல்லிட்டேன்.

"எலி நான்தாம்மே."

"இன்னாது?"

"உன் மாத்திரையை நான்தான் துன்னேன். எனக்கும் சுகரு. உனக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. எறங்கலன்னா கிரேன்லேருந்து எறக்கிடுவேன்னாங்க. நீ கத்துவேன்னு பயந்துகினு மறைச்சுட்டேன். எனக்கு அந்தக் கிரேனு வேணாம். நீ இனிமே ஒழுங்கா மாத்திரை போடு. நான் தொடமாட்டேன்."

சொல்லும்போதே அழுவை வந்துடுச்சு. வெக்கத்தை வுட்டு அழுதேன். அவ என் தலையில கையை வெச்சா. அவ கண்ணுலயும் தண்ணி நின்னுச்சு.

"இதுக்கா இத்தினி நாளு திருடன் மாதிரி முழுங்கினு இருந்தே?"

"கத்த மாட்டியா?"

"கத்துவேன்தான். இன்னொரு நாளைக்கு." மூக்கைத் தொடைச்சுக்கினா. "மாத்திரையை நிறுத்துறேன்னு மட்டும் சொல்லாத. நான் சிஸ்டர்கிட்ட எனக்கு வேற அட்டை வாங்கிக்கறேன். இதை நீயே வெச்சுக்க. இனிமே என் எதிர்லயே போடு."

கத்தல! தெருக்கோடிக்குக் கேக்கற மாதிரி எதுவும் சொல்லல! கொஞ்சம் அழுதா எல்லாம் முடிஞ்சுடும்னு தெரிஞ்சிருந்தா நான் மொத நாளே அழுதிருப்பேன். அன்னிக்கு ராவு ஜெயிச்சவன் மாதிரி தூங்கினேன்.

மூணு மாசம் ஆச்சு. மறுபடியும் கேம்ப். மறுபடியும் ரத்தம். டாக்டர் ரிசல்ட்டைப் பாத்துட்டு எழுந்து நின்னு கைகுடுத்தாரு.

"ஆறு புள்ளி எட்டு! எபினேசர், பிரமாதம். தாராளமா கிரேன்ல ஏறுங்க. ஆனா கொறைஞ்சுடுச்சுன்னு மாத்திரையை வுட்டுடாதீங்க, வுட்டா மறுபடியும் ஏறிக்கும். பிரஷர்தான் கொஞ்சம் கூட இருக்கு, உப்பைக் கொறைங்க, அடுத்த வாரம் உங்க தெருவுலயே திரும்பப் பாக்கச் சொல்லிடறேன்."

கிரேன்ல ஏறுங்கன்னதுக்கு அப்பறம் அவரு சொன்னது எதுவும் எனக்கு ஏறல. வாயெல்லாம் பல்லா வெளிய வந்தேன். ஏஞ்சல் சிஸ்டர் நின்னுகினு இருந்தாங்க.

"சிஸ்டர், என்னோடது சரியாயிடுச்சு. எங்க ஊட்டம்மாவுக்குத்தான் எப்படி இருக்குதுன்னு கவலை. சுகரு எறங்கியிருக்கா?"

"யாருக்குணா?"

"சுகிர்தாவுக்கு."

"அவளுக்கு எதுக்கு சுகரு? போன வாரம்தான் எங்க ஸ்டாஃப் எல்லாருக்கும் பாத்தோம். தொண்ணூறுதான். குதிரை மாதிரி இருக்கா."

"அப்ப அந்த மாத்திரை?"

"அது உங்களுதுதான்ணா. உங்க தெருவுக்குக் குடுக்கறவ அவதான? அவ பையில போடாம வேற யாரு பையில போடறது?" சிஸ்டர் நெஞ்சுல கைவெச்சாங்க. "ஆனா நீங்க கேட்டுக்கிட்டபடி நான் ஒரு வார்த்தை சொல்லலண்ணா. மாத்திரையை மட்டும்தான் குடுத்தேன்."

பக்கத்துல வரிசையில நின்ன தேசப்பன் பல்லைக் காட்டுனான். "உங்க ஊட்டம்மாவுக்கா சுகரு? தினம் நாலு மணிக்கு எங்க ஊட்டுல குணசுந்தரியோட உக்காந்துகினு கேசரி துன்றது யாருய்யா? எனக்குக் குடுக்காத மூணு இட்லியும் எங்க போவுதுன்னு நெனச்சே?"

ஊட்டுக்கு எப்படி வந்தேன்னு எனக்கே தெரியல. வாசல்லயே கத்த ஆரம்பிச்சேன். கல்யாணம் ஆனதுலேருந்து மொத தபாவா நான் கத்துனேன்.

"சுகிர்தா! உனக்கு சுகரே இல்லியாமே!"

"இல்லன்னு உனக்கு இன்னா வருத்தமா?" கீரை ஆஞ்சுகினே கேட்டா.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நாலு தெருவுல சுகரு பாக்கறேன். ராவுல நாலு தபா எழுந்து போறவன், சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்கறவன், பேண்ட்டு இடுப்புல நிக்காதவன், என் பக்கத்துலயே படுத்துகினு கீறான். எனக்குத் தெரியாதா? சிஸ்டரு மாத்திரையை நீட்டுனப்ப நான் ஆச்சரியமேபடல."

"நேரா கேக்க வேண்டியதுதான?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே?"

யோசிச்சேன். "இல்லன்னு சொல்லியிருப்பேன்."

"மாத்திரையைக் கையில குடுத்திருந்தா?"

"ஜன்னலுக்கு வெளிய போயிருக்கும்."

"அவ்ளோதான். குடுத்தா நீ துன்ன மாட்டே. திருடினாதான் துன்னுவே. கல்யாணம் ஆன புதுசுல ஊறுகா ஜாடியில திருடித் துன்னதுலேருந்து உன்னைப் பாத்துகினு வரேன்."

"அந்தத் தலைசுத்தல்?"

"உனக்கு எப்பதான் வாய் தொறக்குதுன்னு பாத்தேன்." கீரையைக் கீழ வெச்சா. குரலு கொஞ்சம் எறங்குச்சு. "தொறந்தே பாரு. கிரேனே வேணாம்னியே. அது போதும்யா எனக்கு."

எனக்குக் கோவம் கரையப் பாத்துச்சு. வுடக் கூடாதுன்னு இழுத்துப் புடிச்சேன்.

"தினம் உன் காலைக் கழுவுனேனே, அது எதுக்கு?"

"அது எனக்குப் புடிச்சிருந்துச்சு."

ஆனா சும்மா வுடறதா? சுகரு எறங்கிடுச்சு, கிரேனு என்னுது, ஏமாந்தவன் நானு. நஷ்டஈடு வேணும்னு கறாரா சொன்னேன்.

"இன்னிக்கு எனக்கு நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வேணும். அப்பளம் வேணும். மாங்கா ஊறுகா வேணும். கருவாட்டுல சுகரு இல்லல்ல?"

"இல்லியே," ன்னு உடனே எழுந்தா. "இதுல எதுலயும் சுகரு இல்ல. உனக்கு இல்லாததாய்யா? உக்காரு."

ஆஹா! ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. கொழம்பு மணக்குது. அவளே கரண்டி கரண்டியா அள்ளி வெச்சா. அப்பளம் ஒண்ணு கேட்டா மூணு போட்டா. ஊறுகா ஜாடியை எதிர்லயே தூக்கி வெச்சுட்டா. ஆம்பளை ஒரு தபா கத்துனா ஊடு எப்படி வழிக்கு வருதுன்னு மனசுக்குள்ள மீசையை முறுக்கிக்கினேன்.

"இன்னும் ரெண்டு துண்டு வெய்யி," ன்னேன், அதிகாரமா.

"நல்லா வெச்சுக்கய்யா," ன்னு அவ கனிவா சொன்னா. "நாளைக்குக் காலையிலேருந்து எனக்கு பிரஷரு."